அம்மாவின் ஈசிஜி

கடைசி வயரை அம்மாவின் இடது கக்கத்துக்குக் கீழே ஒட்டும்போது சுலோஜனாவுக்கு இரண்டு தடவை இடம் தவறியது. இத்தனைக்கும், தலைமயிரை விட மெல்லிய கண்ணாடிக் குழாயை ஒற்றை இதயக் கலத்தின் தோலில் ஒட்டவைத்து, அதற்குள்ளால் ஓடுகிற மின்சாரத்தை அளந்து பழகிய கை அது. எட்டு வருடம் இங்கிலாந்தில் வேறு வேலையே இல்லை.

"குளிருதுகா," என்றாள் புஸ்பம். "என்ட நெஞ்சில என்ன கிடக்கெண்டு இந்த மெசினைச் சுமந்து வந்த நீ?"

"சும்மா ஒருக்காப் பாப்பம்மா. அசையாமப் படுங்க."

நாட்டில் சண்டை முடிந்து இரண்டு மாதம்தான். பெரியகல்லாற்றுக்கு அவள் இப்போதுதான் வர முடிந்தது. தம்பி உதயரூபன் செத்தபோதுகூட வரவில்லை.

சுனாமியன்று, கடல் ஊரை வாரிப் பின்னால் கிடந்த வாவிக்குள் எறிந்தபோது, உதயனும் அவனிடம் இறால் வாங்க வந்திருந்த காத்தான்குடி மர்சூக்கும் ஒன்றாகத்தான் அடிபட்டுப் போனார்கள். கவிழ்ந்த தோணியொன்று மர்சூக்கின் கையில் அகப்பட்டது. உதயன் பக்கத்தில்தான் நீந்திக்கொண்டிருந்தானாம். "வந்துட்டன் மச்சான்" என்றானாம். மறுகணம் கத்தவுமில்லை, கை அடிக்கவுமில்லை, அப்படியே தாழ்ந்து போனானாம். மர்சூக் அழுதழுது சொன்ன இந்தக் கதையை ஊர் நம்பவில்லை. வாவியைக் குறுக்கறுத்து நீந்துகிறவன் பேசாமல் தாழுவானா? தன் உயிருக்குப் பயந்து என்ட புள்ளையைத் தள்ளிவிட்டுட்டான் என்பதுதான் நாலரை வருடமாக அம்மாவின் பேச்சு. மூன்று தடவை அவன் வாசல் படலைக்கு வந்தான். மூன்று தடவையும் மண்ணை அள்ளி அவன் முகத்தில் எறிந்து சாபம் போட்டாள். இப்போதும் காலையில் மோட்டார் சைக்கிளில் இறால் வாங்க வருவான். எல்லா வீட்டு வாசலிலும் அடிக்கிற ஹோர்னை இந்த வீட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு போவான்.

அவன் சொன்னது உண்மை என்று சுலோஜனாவுக்குத் தெரியும். சுனாமிக்கு முந்தின வருடம் தம்பி போனில் சொன்னான்: "அக்கா, நீந்தக்குள்ள திடீரெண்டு கண் இருட்டிப் போச்சு." அவள் என்ன சொன்னாள்? "சாப்பிடாமத் தண்ணிக்குள்ள இறங்காதடா." அதே கிழமைதான், இதயக் கலத்தில் பொட்டாசியம் வெளியேறுகிற வாசலைப் பற்றிய கட்டுரையை ஆய்விதழொன்றுக்கு அனுப்பியிருந்தாள். அந்த வாசல் சரியாகத் திறக்காதவர்களுக்கு நீந்தும்போதே இதயம் தடுமாறிவிடும் என்று அவளே எழுதியிருந்தாள். என்ன படிப்புப் படித்து என்ன! சொந்தத் தம்பி என்று வந்தபோது மூளை வேலை செய்யவில்லையே. பிறகு ஒருநாள், ஆய்வுகூடத்துக்கு வந்த புது மெசினைத் தன் நெஞ்சிலேயே சோதித்தபோது அந்தக் குறையைக் காட்டும் கோடு அவளுக்கே வந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

இந்தக் குறை அப்பாவிடமிருந்து வந்திருந்தால் நல்லது. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்கு இனி நோகாது.

மெசின் கடுதாசியைத் தள்ளியது. சின்னக் கட்டங்களை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள். துடித்த இதயம் ஓய்வுக்குத் திரும்ப அதிக நேரம் எடுத்திருந்தது. அம்மாதான்.

அப்பாவின் தலையில் போட்டுவிடலாமா? ஆனால் சின்னம்மாவின் மகள் விதுர்ஷா, போன மாதம் பள்ளிக்கூட ஓட்டப் போட்டியில் மயங்கி விழுந்தவள், கையில் மந்திரித்த நூலோடு திரிகிறாள். அப்பா வழி என்று பொய் சொன்னால் அந்தப் பிள்ளையை யார் சோதிப்பார்கள்?

"அம்மா, மர்சூக் தள்ளிவிடல்ல. தம்பிட நெஞ்சுதான் தண்ணிக்குள்ள நிண்டுட்டு. பிறக்கக்குள்ளயே வந்த குறை."

புஸ்பம் எழுந்து உட்கார்ந்தாள். வயர்கள் இழுபட்டன. "ஆருட்ட இருந்து வந்த?"

சுலோஜனா கடுதாசியை அம்மாவின் மடியில் வைத்தாள். இந்த ஊரில் குடி என்கிற வம்சமும் தாய்வழி, வீடும் தாய்வழி, கோயில் உரிமையும் தாய்வழி. அம்மாவுக்கு அதைப் படிப்பிக்கத் தேவையில்லை.

"குடி வாற மாதிரியா?"

"ஓம்மா. எனக்கும் இரிக்கு. மாத்திரை எடுக்கிறன். நீங்களும் எடுக்கணும், விதுர்ஷாவும்." வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். "அவன் எனக்குச் சொன்னவன்மா. நான்தான் கவனிக்கல்ல."

அம்மா திட்டவில்லை. தேற்றவுமில்லை. நெஞ்சில் இருந்த பசையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொடியனுக்கு மண் அள்ளி எறிஞ்சனே மகள்," என்றாள் கடைசியில்.

அடுத்த நாள் காலை ஆறு மணிக்கே படலையைத் திறந்து வைத்துக்கொண்டு அம்மா தெருவில் நின்றாள். கையில் அந்தக் கடுதாசி. சுலோஜனா வாசலில் நின்று பார்த்தாள். ஹோர்ன் சத்தம் வீடு வீடாகக் கிட்ட வந்தது, பக்கத்து வீட்டோடு நின்றது. இறால் பெட்டி கட்டிய மோட்டார் சைக்கிளில் மர்சூக் தலையைக் குனிந்தபடி மெதுவாக வந்தான்.

பெயர் சொல்லிக் கூப்பிடத்தான் அம்மா வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கையை உயர்த்தினாள்.

உயர்ந்த கையை மட்டும் கண்ட மர்சூக் பிரேக்கை அழுத்தினான். கண்களை இறுக்கி மூடி, முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, மண் வந்து விழட்டும் என்று காத்து நின்றான்.