திருப்பாலைக்குடித் துறையின் பாரம்

1956இல் திருப்பாலைக்குடிப் படகுத்துறைக்காக வார்த்த காங்கிரீட் கட்டியைச் சோதனை மிஷினில் வைத்து நசுக்கியபோது அது பேசியது. குரல் முருகம்மாளுடையது. கலவையை அச்சில் கொட்டிக் கம்பியால் குத்திக் கெட்டிப்படுத்தும் சித்தாள் அவள்தான். புருஷனைக் கடல் கொண்டுபோன நாளிலிருந்து அவள் வாய் திறந்ததில்லை. அன்றைக்குக் கைக்குழந்தையாக இருந்த மகள் முத்தழகுக்கு இப்போது கல்யாண வயசு. அந்தப் பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று ஊரில் யாரும் யோசிக்கவில்லை. கைவழியாகக் கலவைக்குள் போயிருக்கிறது.

ஓவர்சீயர் பூமிநாதன் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. பாரம் குறைவாக இருக்கும்போது கட்டி மண்ணெண்ணெய் விலையைப் பற்றிப் பேசியது. பாரம் கூடக்கூட மனசின் அடியில் கிடந்ததைச் சொன்னது. உடைந்ததும் நின்றுவிட்டது. எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்பதை மட்டும் அவர் குறித்துக்கொண்டார். ஜல்லியும் மணலும் சிமெண்டும் நன்றாகவே பிடித்திருந்தன. மிஷின் கொட்டகை வாசலில் நின்று கேட்ட முருகம்மாள், பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டவள் மாதிரி வேலைக்குத் திரும்பினாள்.

வேலை முடிகிற சமயத்தில் முத்தழகுக்குக் கடலாடியில் மாப்பிள்ளை அமைந்தது. அவள் கொட்டகைக்கு வந்தாள்.

"எங்க ஆத்தா என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டு நான் கேட்டதே இல்லங்கய்யா. ஒருவாட்டி கேட்டாப் போதும், போயிருவேன்."

சோதனைக்கென்று வார்த்த கட்டிகளில் மிச்சம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பூமிநாதன் பார்த்துப் பார்த்துப் பாரம் ஏற்றினார். கட்டி மண்ணெண்ணெயைப் பேசியது, புருஷனைப் பேசியது, "முத்..." என்றபோது உடைந்துவிட்டது. முத்தழகு அந்தத் தூளை அள்ளிக்கொண்டு அழுதாள். எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்பதைப் பூமிநாதன் அன்றைக்குக் குறித்துக்கொள்ளவில்லை. மறுநாள் மிஷின் மதுரைக்குத் திரும்பிப் போனது.

"தொறை முச்சூடும் அவ குத்துன கலவைதானே ஓவர்சீயரே," என்றார் படகுக்காரர் சுஐபு. "அங்கன பாரத்தை ஏத்துவோம்."

முத்தழகு புருஷன் வீட்டுக்குக் கிளம்பிய காலையில் ஊரே துறையில் ஏறி நின்றது. நங்கூரங்கள், நனைந்த வலைகள், நெல்மூட்டைகள், ஆடுகள் எல்லாம் ஏறின. துறை மண்ணெண்ணெயைப் பேசியது, பிறகு புருஷனைப் பேசிவிட்டு நின்றது.

"இன்னும் கொஞ்சம் பாரம் வேணும்," என்றார் பூமிநாதன்.

ஏறுவதற்கு ஊரில் ஆளில்லை. மணலில் முருகம்மாள் மட்டும் நின்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, மகள் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏத்தா முத்தழகு," என்றது துறை.

"என்ன ஆத்தா," என்றாள் முத்தழகு, தாயின் முகத்தைப் பார்த்து.

துறையில் ஒரு கீறல் இல்லை. அதன்பிறகு வருஷா வருஷம் முத்தழகு பிறந்த வீட்டுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், ஊர்க்காரர்கள் செய்கிற வேலையைப் போட்டுவிட்டுத் துறைக்கு நடப்பார்கள். முருகம்மாள் கடைசியாக ஏறுவாள்.