ஜெபமாலை திருடிய சுறா இறகு

வயிற்றுக்கு நேரம் காலம் தெரிந்தால் ஜெபமாலை ஏன் இப்படிக் கிடந்து அல்லாடப் போகிறாள்? ஊரிலுள்ள பெண்களெல்லாம் விடியுமுன் ஒருதரம், பொழுது சாய்ந்தபின் ஒருதரம் ஊருக்கு வெளியே உடைமுள் மண்டிய உடங்காட்டுப் பக்கம் ஒதுங்கிவிட்டு நிம்மதியாக வேலையைப் பார்க்கிறார்கள். இவளுக்கு மட்டும் உச்சி வெயிலில் கலக்கும். மீன் கீறுகிற கத்தியைப் போட்டது போட்டபடி எழுந்து ஓட வேண்டும். ஓடி உட்கார்ந்தால் ரத்தமும் சளியுமாகப் போகும். திரும்பி வந்து கத்தியைக் கையில் எடுப்பதற்குள் அந்தப் பாழாய்ப்போன வயிறு மறுபடியும் முறுக்கும்.

பாம்பன் கரையில் மீனைக் கீறி உப்பு வைத்துக் கருவாடு போடுகிற ஒரு கிட்டங்கியில் அவளுக்கு வேலை. நயா பைசா வந்த வருசம் அது. கொழும்புக்குப் போகிற சரக்கு என்பதால் முதலாளி சுற்றிலும் ஓலைத் தட்டி அடைத்து, ஒரே ஒரு வாசல் வைத்து, கமுதிப் பக்கத்து ஆள் ராக்கப்பனைக் கங்காணியாக அங்கே நிறுத்தியிருந்தார். உள்ளே வருகிறவர்களை அவன் ஏறிட்டும் பார்க்க மாட்டான். வெளியே போகிறவர்களின் மடியைத்தான் பார்ப்பான்.

மதுரைக்குப் போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டியாயிற்று. பெருங்குடலில் புண், வரும், போகும், அடியோடு தீராது என்றார். பாரமான வேலை வேண்டாம், ஓய்வெடு, பாலும் முட்டையும் சாப்பிடு என்றும் சொன்னார். மகராசன், அதையெல்லாம் யார் வாங்கிக் கொடுப்பார்கள் என்று மட்டும் சொல்லவில்லை. தென்கடலில் காற்று அடிக்கிற மாதங்களில் அவள் புருஷன் எட்வர்டின் வள்ளம் கரையில்தான் கிடக்கும். கிட்டங்கிக்கு வடகடல் மீன் வந்துகொண்டிருக்கும். அந்த மாதங்களில் வீட்டில் உலை கொதிப்பது இவள் கூலியில்தான்.

வருவதும் போவதுமான இந்த விவகாரம்தான் அவளுக்குப் பெரிய எரிச்சல். ஒரேயடியாகப் படுத்துவிட்டால் சீக்காளி என்றாவது ஒத்துக்கொள்வார்கள். இரண்டு மூன்று மாதம் ஒன்றுமே இருக்காது. சீலா மீனை அவள் கீறி உப்பு வைக்கிற வேகத்துக்கு அந்தக் கிட்டங்கியிலேயே ஆள் கிடையாது. பிறகு ஒருநாள் ஆரம்பித்துவிடும். நேற்று நன்றாகத்தானே இருந்தாய் என்பான் எட்வர்ட். நேற்று நன்றாக இருந்ததற்கு அவள் என்ன செய்வாள்?

அந்த ஆனி மாதம், காயப்போட்டிருந்த சுறா இறகுகள் காணாமல் போயின. சுறாவின் முதுகிலும் பக்கத்திலும் இருக்கிற அந்தத் துடுப்புதான் கிட்டங்கியிலேயே விலை கூடின சரக்கு. யார் அடிக்கடி வெளியே போகிறார்கள் என்று ராக்கப்பன் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஜெபமாலை வாசலுக்கு ஓடி வந்தபோது தடியைக் குறுக்கே நீட்டி, மடியை அவிழ்க்கச் சொன்னான். மடியில் இருந்தது பழந்துணி. வழியிலேயே நனைந்துபோனால் மாற்றிக்கொள்ள வைத்திருந்தது. அவிழ்த்தால் இது எதற்கு என்று கேட்பான். பெண்கள் அத்தனை பேரும் கீறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்று பேச வயிறும் விடவில்லை. தடிக்குக் கீழே குனிந்து ஓடிவிட்டாள்.

திருடி என்று முடிவு கட்ட அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. திரும்பி வந்தவளிடம், நாளைக்கு முதலாளி முன்னால் வந்து பதில் சொல் என்றான்.

கிட்டங்கியில் கூட வேலை பார்க்கிறவர்களில் அருள்மேரிக்கு மட்டும் நோயைப் பற்றித் தெரியும். வீட்டுக்குப் போகிற வழியில், எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்று ஜெபமாலை அழுதாள். அருள்மேரி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லிராத யக்கா. இருமுறாள்னு நம்ம கூட மீன் கீறுன சேதுலட்சுமிய அனுப்புனாங்களே, திரும்ப எடுத்தாங்களா? திங்கிற பொருள்ல கை வைக்கிற வேலை. வயித்தால போகுதுன்னா காலராம்பாங்க. களவுன்னா கோயில்ல முழந்தாப்போட்டுட்டு மறுநா வேலைக்கு வந்துரலாம்."

அவள் சொன்னதில் பொய்யில்லை. களவுக்கு அந்த ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஒத்துக்கொண்டவள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிகிறவரை எரிகிற மெழுகுதிரியோடு கோயில் வாசலில் முழந்தாளிட்டிருக்க வேண்டும். முடிந்ததும் ஊர்ப் பெரியவர் வந்து திரியை வாங்கி அணைப்பார். அதற்கப்புறம் யாரும் சொல்லிக் காட்டக் கூடாது. ஊரைப் பகைத்துக்கொள்ள விரும்பாத முதலாளியும் அதற்குக் கட்டுப்படுவார். சீக்குக்கு அப்படி ஒரு வழக்கத்தை எவரும் ஏற்படுத்தி வைக்கவில்லை.

மறுநாள் முதலாளி முன்னால், நான்தான் எடுத்து விற்றேன் என்றாள். சேதி கேள்விப்பட்ட எட்வர்ட் வீட்டுக்கு வந்து சட்டியைப் போட்டு உடைத்தான். சீக்காளிக்குப் புருஷன் என்றால் தாங்குவேன், களவாணிக்குப் புருஷன் என்றால் கடற்கரையில் எப்படித் தலைகாட்டுவேன் என்று கத்தினான். உன் பேரை வைத்து உலை வைக்க முடியுமா என்று இவளும் கத்தினாள்.

ஞாயிறன்று வெறும் வயிற்றோடு போய் முழந்தாளிட்டாள். மாதாவே, பொய்க்கு மன்னித்துவிடு, பூசை முடிகிறவரை இந்த வயிற்றையும் கொஞ்சம் பார்த்துக்கொள் என்று வேண்டினாள். வயிறு அசையவே இல்லை. பெரியவர் திரியை வாங்கி அணைத்தார்.

திங்கட்கிழமை ராக்கப்பன் சிரித்த முகமாகத்தான் வாசலில் நின்றான்.

"மொதலாளி வேணாம்னுதான் நின்னாரு. நாந்தான் கெஞ்சிக் கேட்டேன். ஒண்ணே ஒண்ணு. உள்ள வந்தா சாயந்தரம் வரைக்கும் நீ வாசலத் தாண்டப்படாது. அதுக்கு நான் ஜாமீன்."

அழுவதா சிரிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. வேலைக்காகத்தான் களவாணிப் பட்டம் சுமந்தாள். அந்தப் பட்டமே இப்போது வேலை பார்க்க விடாது போலிருக்கிறது. அருள்மேரி மேல் ஆத்திரம் வந்தது, டாக்டர் மேல் வந்தது, எல்லாவற்றுக்கும் மேல் தன் குடல் மேல் வந்தது. போய் உட்கார்ந்து மீன் கீறினாள்.

வெயில் ஏறுவதற்குள் முறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள், உப்பு மூட்டை மேல் சாய்ந்து பார்த்தாள். முடியாமல் வாசலுக்குப் போனாள். அவன் தலையை ஆட்டினான்.

"அண்ணே, நான் எதையும் எடுக்கல. கொடல்ல புண்ணு. ரத்தமாப் போகுது. மதுர டாக்டர்ட்டயே காட்டியிருக்கு. விடுண்ணே."

ராக்கப்பன் கோபப்படவில்லை, வருத்தப்பட்டான். "சாமி வாசல்ல நின்னு எடுத்தேன்னு ஒத்துக்கிட்டவ நீ. இப்ப எடுக்கலங்கிற. இதுல எத நான் நம்புறது, ஆத்தா?"

ஜெபமாலை திரும்பி அருள்மேரியைப் பார்த்தாள். அருள்மேரி குனிந்த தலை நிமிராமல் கீறிக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் வயிறு யாரையும் கேட்கவில்லை. சேலை நனைந்து, கால் வழியாக மணலில் இறங்கியது. சிவப்பாக இறங்கியது. ராக்கப்பன் பின்னால் நகர்ந்தான். பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். இப்போது எல்லாரும் நம்பினார்கள்.

அவனே வாசலை அகலத் திறந்துவிட்டான். அவள் உடங்காடுவரை போய்க் கழுவிக்கொண்டு திரும்பியபோது வாசல் தட்டி சாத்தியிருந்தது. அந்தப் பக்கம் நின்று தன்மையாகத்தான் சொன்னான்.

"வீட்டுக்குப் போ, ஆத்தா. ஒடம்பு நல்லானப்பறம் வா."

"அடுத்த மாசமே நல்லாயிரும். அதுக்கு அடுத்த மாசம் திரும்ப வரும். அப்ப என்ன செய்வ?" என்று தட்டியைப் பிடித்து உலுக்கினாள்.

தட்டி இடுக்கு வழியாக உள்ளே பார்த்தாள். காலையிலிருந்து அவள் கீறி உப்பு வைத்த சீலா மீன் அத்தனையையும் ஓரமாகக் கொட்டியிருந்தார்கள். அவற்றைப் புதைக்க அருள்மேரி குழி தோண்டிக்கொண்டிருந்தாள்.