முள் அசையாத பொழுது

ராமதாஸ் பட்டறைக்குள் நுழைந்து பம்பு சுவிட்சில் கை வைத்துவிட்டார். பொன்னி அவிழ்ந்த தலையோடு ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"கைய எடு மாமா."

"என் தம்பி வாசல்ல பொணமா கெடக்கிறான். உள்ள மிஷினு ஓடிகினு கீது. செங்கல்பட்டே காறித் துப்பும்."

அச்சரப்பாக்கத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திறங்கியது முதல் சாவு வீட்டு அதிகாரமெல்லாம் அவர் கையில்தான். பந்தல், மேளம், பாடை எல்லாம் அவர் சொன்னபடி நடந்தன. இந்தப் பம்பு மட்டும்தான் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

பொன்னியின் புருஷன் தேசப்பன் நேற்றுச் சாயங்காலம் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்ததும் இதன் பக்கத்தில்தான். கல்பாக்கத்து அணு ஆராய்ச்சிக்கு, உள்ளே துளிக் காற்றும் இல்லாத எஃகுப் பெட்டி தேவைப்பட்டது. சீமையிலிருந்து வரவழைப்பதை இங்கேயே செய்து பார்க்கட்டும் என்று சர்க்கார் சின்னப் பட்டறைகளுக்கு உதவி கொடுத்தது. தேசப்பன் பற்றவைத்த பெட்டி இரண்டு தடவை ஒழுகியது. ஆபீசில் போதும் என்றார்கள். எஞ்சினியர் சிவப்பிரகாசம்தான் மன்றாடி இன்னொரு தடவை வாங்கிக் கொடுத்தார். இன்று சோதனை. அவர் வந்து வால்வை மூடும்வரை பம்பு காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கவேண்டும். மூடியபின் அழுத்தமானியின் முள் ஏறக்கூடாது. ஏறினால் வேலை வேறு ஊருக்குப் போய்விடும், தேசப்பன் கைவேலை ஒழுகல் என்ற பேரும் நிலைத்துவிடும்.

"சார் வந்து பாக்கட்டும் மாமா. உன் தம்பி செஞ்சது நல்லதா, கெட்டதான்னு தெரியாமயா அவர அனுப்பப் போற?"

ராமதாஸ் கையை எடுத்தார். வெளியே போய் மேளக்காரர்களைத் தெருமுனைக்குத் துரத்தினார். "பெட்டி அதிருமாம்" என்று காரணமும் சொன்னார். அவரிடம் அப்படி யாரும் சொல்லவில்லை. பொன்னிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

உச்சிவெயில் சாயும்போது சிவப்பிரகாசம் வந்தார். மாலையைப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றார். பம்புச் சத்தம் காதில் விழுந்தும் பட்டறைப் பக்கம் அவர் திரும்பவில்லை.

"உள்ள வாங்க சார்."

"இன்னிக்கு வேணாம்மா. ஆபீஸ்ல நான் சொல்லி..."

"எங்களுக்கோசரம் இன்னும் எத்தினி தபாதான் சொல்லுவீங்க? ரெண்டு தபா தோத்தவர நீங்க ஒருத்தர்தான் சார் நம்புனீங்க. அதுக்கு அவரு வாயத் தொறந்து நன்றின்னு ஒரு வார்த்த சொன்னதில்ல. வந்து பாருங்க."

சிவப்பிரகாசம் வால்வை மூடிப் பம்பை அணைத்தார். வீடு சட்டென்று அடங்கியது. அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பொழுது சாயுது, எடுக்கலாமா?" என்று நெடுநேரம் கழித்து வாசலிலிருந்து குரல் வந்தது.

"இருய்யா!" என்றார் ராமதாஸ். எதைப் பார்க்கிறோம் என்று தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டறைத் தரையில் கிடந்த வெயில் சுவரில் ஏறிவிட்டது. முள் இருந்த இடத்திலேயே இருந்தது. சிவப்பிரகாசம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே போனார்.

பாடையைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள். முன்பக்கம் தன் தோளுக்கென்று வைத்திருந்த இடத்திலிருந்து ராமதாஸ் ஒதுங்கி, சிவப்பிரகாசம் தோள் கொடுக்க வழிவிட்டார்.