நாலாம் கட்டிலின் கைகள்

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையாவது பார்த்து வாசிக்காமல் வாய் திறக்கத் தெரியாது என்பது யாகப்பரின் குறை. பஸ்ஸில் கொண்டக்டர் கையிலுள்ள ரிக்கற் பெட்டியைப் பார்த்துத்தான் எங்கே இறங்குகிறாய் என்று கேட்கிறான். கோயிலில் சாமியார் போனைப் பார்த்து அறிவித்தல் வாசிக்கிறார். போன மாதம் செத்த வீட்டுக்கு வந்த ஒருவன் பெட்டியருகே நின்று, அனுதாபத்தையும் போனில் தேடி எடுத்துத்தான் சொன்னான். இப்போது அந்த வியாதி ஆசுப்பத்திரிக்கும் வந்துவிட்டது. மனுசி மூச்சுக்குத் தவித்துக் கிடக்கிறாள், டொக்டர்மார் கட்டிலைச் சுற்றி நின்று, கேள்விகள் அச்சடித்த மட்டை ஒன்றைப் பார்த்து வாசிக்கிறார்கள். படித்தது மண்டையில் நின்றால் மட்டை எதற்கு?

அவருடைய மனுசி அன்ரோனெற். விடத்தல்தீவுக் கரையில் கருவாடு காயப்போட்டு அடம்பன் சந்தையில் விற்கிறவள். இருமலோடு தொடங்கின காய்ச்சலைக் கொத்தமல்லியோடு ஒருகிழமை இழுத்தடித்தாள். சளி நெஞ்சில் இறுகி உதடு நீலமாகிய பிறகுதான் வாகனம் பிடித்தார்கள். இப்போது அவள் நாலாம் கட்டில். வாய்க்குள்ளால் தொண்டைக்கு ஒரு குழாய், குழாயின் மற்றத் தலைப்பில் ஒரு யந்திரம். யந்திரம் மூச்சு விட, அவளுடைய நெஞ்சு ஏறி இறங்கியது. அதையெல்லாம் யாகப்பர் பொறுத்துக்கொண்டார். பொறுக்க முடியாதது கைகள்தான். இரண்டு மணிக்கட்டையும் வெள்ளைத் துணியால் சுற்றி, கட்டில் கம்பியோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

அன்ரோனெற் கையால் பாதி, வாயால் பாதி கதைக்கிறவள். சந்தையில் ஒருவன் விலை குறைக்கக் கேட்க, அவள் கையைக் காற்றில் ஒருதரம் வெட்டினால், ஒரு சதமும் குறையாது என்று அவனுக்கு விளங்கும். யாகப்பரைப் பார்த்து, கருவாட்டில் இருக்கிற காகத்தைக் கலைக்கிற மாதிரி விரல்களை உதறினால், போ, உன்னோடு என்ன கதை என்று அர்த்தம். கலியாணம் முடித்த காலத்திலிருந்து அந்த உதறலை அவர் வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்தக் கைகளைத்தான் கட்டிப் போட்டிருந்தார்கள்.

அதனால் பார்க்க விட்ட நேரமெல்லாம் அவிழ்த்துவிட்டார். வலையோடும் கயிற்றோடும் காலம் கழித்த கைக்கு அது முடிச்சே இல்லை. நேர்ஸ் பிள்ளை நிருஷா வந்து திரும்பக் கட்டுவாள். அவர் அவிழ்ப்பார். பாப்பாமோட்டைப் பக்கத்துக் கமக்காரர் வீட்டுப் பிள்ளை, மாடு கட்டிப் பழகியிருப்பாள் போல, நாளுக்கு நாள் அவளுடைய முடிச்சு இறுகி வந்தது. நேற்றுப் போட்ட முடிச்சை அவிழ்க்க அவருக்கே பல் தேவைப்பட்டது. கெட்டிக்காரிதான் என்று நினைத்துக்கொண்டே கடித்து இழுக்கும்போது பிடிபட்டார். இனி ஒருக்கால் கை வைத்தால் உள்ளே விடுவதில்லை என்று நிருஷா சொல்லிவிட்டாள். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

அந்தக் கிழமை வாட்டில் ஒரு பயிற்சி நடந்தது. கடும் நோயாளரைப் பார்க்கிற ஆட்கள் எல்லாரும் ஒரே ஒழுங்கில், ஒன்றும் தவறாமல் பார்க்கப் பழக்குவதற்கென்று நசீறா என்ற பெரிய டொக்டர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். வாட்டுக்கு முன்னாலிருந்த அறையில் ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி, டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் அதைச் சுற்றி நின்று நெஞ்சை அமத்தினார்கள், வாயைத் திறந்து பார்த்தார்கள். ஒருவர் செய்யப்போவதைச் சத்தமாகச் சொல்ல மற்றவர் அதைத் திருப்பிச் சொன்னார். வெளியே கதிரையில் இருந்த யாகப்பருக்கு எல்லாம் கேட்டது. உயிருள்ளவள் உள்ளே கிடக்கிறாள், இவர்கள் பொம்மைக்கு உயிர் கொடுக்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். பக்கத்திலிருந்தவரும் போன் பார்த்துக்கொண்டிருந்தார்.

களைத்த நேரத்தில் ஞாபகம் ஏமாற்றும், அதனால் மட்டையை விடக்கூடாது என்று நசீறா டொக்டர் அறைக்குள் சொன்னார். பிழை ஒன்று கண்ணில் பட்டால் யாரும் 'நில்லுங்கோ' என்று சொல்லலாம், கூட்டித் துடைக்கிறவர்கள் சொன்னாலும் எல்லாரும் நிற்கவேண்டும் என்றும் சொன்னார். யாகப்பருக்குச் சிரிப்பு வந்தது. இந்தக் கரையில் அவர் அறிய, நில் என்று சொல்லி ஆளை நிற்பாட்டினவன் எவனும் கையில் துவக்கில்லாமல் வரவில்லை.

பயிற்சியோடு வந்த இன்னொரு புதுமை, காலையில் டொக்டர்மார் கட்டில் கட்டிலாக வரும்போது சொந்தக்காரர் ஒருவர் கால்மாட்டில் நிற்கலாம் என்பது. யாகப்பர் விடியப் பஸ் ஏறி வந்து, சேட்டுக் கழுத்துப் பொத்தானும் பூட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். யதுசன் என்ற இளம் டொக்டர் மட்டையை வாசிக்க, நிருஷா மறுமொழி சொன்னாள். நசீறா டொக்டர் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மூச்சுக்குழாய்?"

"இருக்கு."

"தலைமாடு?"

"உயர்த்தியிருக்கு."

"நித்திரை மருந்து?"

"விடியக் குறைச்சது."

"கைக்கட்டு?"

"இருக்கு."

"வயித்துக்குழாய்?"

யாகப்பருக்கு இந்த இராகம் பழக்கம். கோயிலில் மன்றாட்டுமாலை இப்படித்தான் ஓடும். முன்னால் நிற்கிறவர் மோட்சத்திலுள்ள அர்ச்சியசிட்டவர்களின் பெயரைச் சொல்ல, சனம் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று சொல்லிக்கொண்டே போகும். வாய் அங்கே நிற்கும், மனம் அடுப்படியில் நிற்கும். ஒருதரம் செபம் சொன்னவருக்குத் தொண்டை அடைத்து, கொஞ்சம் தண்ணி தாங்கோ என்று கேட்டார். சனம் அதற்கும் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்றது. அன்றைக்கு அன்ரோனெற் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவி விழுந்தது.

"நில்லுங்கோ" என்றார் யாகப்பர்.

யதுசன் மட்டையிலிருந்து கண் எடுக்காமல், வாசித்து முடியக் கதைப்போம் ஐயா என்றான். நசீறா டொக்டர் கையை நீட்டி அவனுடைய மட்டையை மெல்லத் தாழ்த்தினார். சொன்னால் நிற்கவேண்டும் என்றுதானே பழகினோம் என்றார். எல்லாரும் நின்றார்கள். நான்கைந்து முகங்கள் ஒன்றாகத் திரும்பின. உண்மையிலேயே நிற்பார்கள் என்று யாகப்பர் எண்ணியிருக்கவில்லை.

"வாயில குழாய். கையில கட்டு" என்றார். "அப்ப அவள் எதால கதைக்கிறது?"

நிருஷாதான், தாழ்ந்த குரலில், "அவவின்ர நன்மைக்குத்தான் ஐயா" என்றாள்.

"பிள்ளை, என்ர கையை ரெண்டு தரம் கட்டினவங்கள். ஒருக்காக் கடலில, ஒருக்காக் கரையில. வேற வேற ஆக்கள். ஒருத்தனும் தன்ர நன்மைக்கெண்டு சொல்லேல்லை. எல்லாரும் உன்ர நன்மைக்கெண்டுதான் சொன்னவங்கள்."

நசீறா டொக்டர் யதுசனிடம், கைக்கட்டு என்ற இடத்தில் மட்டையில் உள்ளதை முழுதாக வாசிக்கச் சொன்னார். அவன் வாசித்தான். கைக்கட்டு இன்றும் தேவையா, ஏன் என்று இருந்தது. அவனுடைய காது சிவந்தது. அவன் நாள்தோறும் முதற்சொல்லை மட்டும் கேட்டிருக்கிறான், நிருஷாவும் முதற்சொல்லுக்கு மட்டும் மறுமொழி சொல்லியிருக்கிறாள். யாகப்பருக்கு அதில் சந்தோசம் ஒன்றும் வரவில்லை. மட்டையில் இருந்தும் கேட்கவில்லை என்றால், அந்த மட்டையைக் கடலில் போட்டால் என்ன என்றுதான் தோன்றியது.

ஏன் கட்டினது என்று டொக்டர் நிருஷாவிடம் கேட்டார். குறை பிடிக்கிற குரலில்லை. நிருஷா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். போன மாதம் இதே வரிசையில் ஒரு கிழவர் நித்திரை மயக்கத்தில் தன் குழாயைத் தானே இழுத்து எறிந்துவிட்டார், திரும்பப் போட முந்தி எல்லாம் முடிந்துவிட்டது. சொல்லி நிறுத்தி, யாகப்பரைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நான்தான் டியூட்டி."

யாகப்பர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரக்கம் வந்தது, அதற்காக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. நித்திரை மருந்து குறைத்தபடியால் இன்றைக்கு அவ விழிப்பா, விழித்தால்தான் தானாக மூச்சு விடுகிறாவோ என்று பார்க்கலாம், கட்டிக்கிடந்தால் பயந்து முரண்டுவா, அவிழ்த்தால் குழாயை இழுக்கப் பார்ப்பா, இரண்டிலும் ஆபத்து உண்டு என்று டொக்டர் ஒளிக்காமல் சொன்னார். நீங்கள் பக்கத்தில் இருந்தால் வலக்கையை அவிழ்க்கலாம் என்றார். இரண்டையும் அவிழுங்கோ என்று யாகப்பர் நின்றார். முதலில் ஒன்று என்று டொக்டரும் நின்றார். நிருஷா குனிந்து தன் முடிச்சைத் தானே அவிழ்த்தாள். விரலுக்கு அது இணங்கவில்லை. யாகப்பர் தள்ளி நில் பிள்ளை என்று சொல்லி, இந்த முறை பல் படாமல் அவிழ்த்தார்.

அவர் கட்டிலோடு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். மணிக்கட்டில் துணி இருந்த இடம் சிவந்து, சுருக்கம் விழுந்து கிடந்தது. வெயில் யன்னலால் வந்து கட்டிலின் காலில் ஏறும் நேரம் அன்ரோனெற்றின் இமை அசைந்தது. கண் திறந்தது, மேலே பார்த்தது, யந்திரத்தைப் பார்த்தது, அவரைப் பார்த்தது. வலக்கை தூங்கி எழும்புகிற மாதிரி மெல்ல உயர்ந்தது. யாகப்பர் முன்னுக்குக் குனிந்தார். என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்.

கை நேரே குழாய்க்குப் போனது.

அவர் பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தார். இத்தனை நாள் கிடந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ தெரியவில்லை. அவள் இழுத்தாள், அவர் பிடித்தார். அவள் நகம் அவருடைய தோலைக் கிழித்தது. சத்தம் வராத வாயோடு அவள் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை, கோபம்தான் இருந்தது. நீயுமா என்று கேட்கிற கோபம். யந்திரம் கத்தத் தொடங்கியது. நிருஷா ஓடிவந்து அவள் காதருகே குனிந்து, அம்மா, மூச்சுக்குத்தான் அது, கொஞ்சம் பொறுங்கோ அம்மா என்று சொல்லிக்கொண்டே நெற்றியைத் தடவினாள். யாகப்பர் பிடியை விடவில்லை. துணி இருந்த அதே இடத்தில், அதே அகலத்துக்கு, தன்னுடைய விரல்கள் சுற்றி இருப்பதை அவர் பார்த்தார். உன்ர நன்மைக்குத்தான் என்ற சொல் அவருடைய வாய்க்கே வந்தது. பல்லைக் கடித்து அதை விழுங்கினார்.

பிறகு மெல்ல அடங்கினாள். யந்திரமும் அடங்கியது. அவர் ஒரு விரல், பிறகு ஒரு விரலாகப் பிடியைத் தளர்த்தினார். கை விரிப்பில் கிடந்தது, குழாய்க்குப் போகவில்லை. கொஞ்ச நேரத்தில் விரல்கள் எழும்பி, காகம் கலைக்கிற மாதிரி அவரைப் பார்த்து உதறின.

என்ன சொல்கிறா என்று நிருஷா கேட்டாள்.

"போகச் சொல்றாள்."

உங்களையா, இந்த யந்திரத்தையா என்று அவள் கேட்டாள். அவருக்கும் தெரியாது.

திரும்பி வந்த நசீறா டொக்டருக்கு முகம் மலர்ந்திருந்தது. நாளைக்குக் குழாயைக் கழற்றிப் பார்க்கலாம் போலிருக்கிறது, உறுதியாகச் சொல்லமாட்டேன் என்றார். பின்னேரம் பயிற்சி அறைக்கு வந்து காலையில் சொன்னதை எல்லாருக்கும் ஒருதரம் சொல்ல முடியுமா என்றும் கேட்டார்.

"பொம்மை கிடக்குத்தானே" என்றார் யாகப்பர். "அதைக் கேளுங்கோ."

டொக்டர் சிரித்தார். யாகப்பர் சிரிக்கவில்லை. தான் போன பிறகு, இரவில், அந்தக் கை என்ன ஆகும் என்று கேட்டார். டொக்டர் வாய் திறக்க முந்தி நிருஷா சொன்னாள்.

"இரவில ரெண்டு பேர்தான் ஐயா. முழு வாட்டுக்கும்."

அவள் பொய் சொல்லவில்லை என்ற அளவில் யாகப்பர் அவளுக்கு ஒரு தலையாட்டல் கொடுத்தார். ஒவ்வொரு தரமும் தேவையா என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுவோம் என்று டொக்டர் சொன்னார். கேட்பீர்கள், நாலு நாள் கேட்பீர்கள், நீங்கள் கொழும்புக்குப் பஸ் ஏறின பிறகு பழையபடி மன்றாட்டுமாலைதான் என்று யாகப்பர் முகத்துக்கு நேரே சொன்னார். டொக்டர் அதை மறுக்கவில்லை. அது யாகப்பருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

எழும்பும்போது, கம்பியில் தொங்கிய வலக்கைத் துணியை உருவி மடிக்குள் சொருகினார். நிருஷா கண்டாள், தடுக்கவில்லை. உள்ளே அலுமாரி நிறைய அந்தத் துணி இருக்கும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இடக்கை கட்டியபடியே இருந்தது. அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நடந்தார்.

பின்னால் ஐந்தாம் கட்டிலில் மத்தியான வாசிப்புத் தொடங்கியது. மூச்சுக்குழாய், இருக்கு. தலைமாடு, உயர்த்தியிருக்கு. கதவடியில் செருப்பைத் தேடும்போது கைக்கட்டு என்ற சொல் கேட்டது. மறுமொழி உடனே வரவில்லை. நான் நிற்கிறபடியால் நடிக்கிறார்கள் என்று நினைத்தார். மறுமொழி வருமட்டும் நிற்காமல் செருப்பைக் கொளுவிக்கொண்டு வெளியே இறங்கினார்.

ஆசுப்பத்திரிப் படலையடியில் இரண்டு கழுதைகள் வழியை மறித்து நின்றன. ஹோர்ன் அடித்த ஓட்டோக்காரனை அவை கவனிக்கவில்லை. கச்சான் காற்று உப்போடு வந்து நகக்கீறலில் பட, கை எரிந்தது. யாகப்பர் மடியிலிருந்த துணியை எடுத்து உதறினார். நாட்கணக்கில் முடிச்சுக் கிடந்த இடத்தில் அது வளைந்தே நின்றது. விரலால் நீவினார், காற்றில் பிடித்தார், நேராகவில்லை. அதைக் கையில் சுற்றிக்கொண்டு, கழுதைகளுக்கு நடுவால் பஸ்சுக்கு நடந்தார்.