எழுபத்தெட்டாங்கட்டை

"வேலாயுதம் உடம்பு மோசம். பகாங் எழுபத்தெட்டாங்கட்டை. உடனே வா."

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பு லயத்தில் ஆபீஸ் கிராணி அந்தத் தந்தியைப் படித்துக் காட்டியதும் இராமலிங்கத்துக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கூடப்பிறந்தவன் என்று அவனுக்கு இருந்தது அந்த ஒரு தம்பிதான்.

"லோரியில போயிடுங்க," என்றாள் அவன் மனைவி நல்லம்மாள். "குவாலா குபுவுல இருந்து மலையேறி ரவுப்புக்குத் தெனமும் லோரி போகுதாம். நாளைக்குப் பொழுது சாயுறதுக்குள்ள பகாங்ல நிப்பீங்க."

இராமலிங்கத்துக்குச் சுள்ளென்று கோபம் வந்துவிட்டது. பதினாலு வருஷம் ரயிலில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். அவனிடம் போய் லோரியா!

"கூறுகெட்டவளே, ரயில் வேலையில அவனைச் சேத்துவிட்டதே நான்தான். எழுபத்தெட்டுன்னா கெமாஸ்ல இருந்து கணக்கு. நடுக்காடு. அங்க லோரிக்காரன் பறந்தா போவான்?"

மைலுக்குக் கட்டை என்பது இந்த ஊர்ப் பேச்சு. ரயில்காரனுக்கோ தண்டவாளத்தோரம் நட்டதுதான் கட்டை. மோட்டார் ஓடும் சடக்கிலும் கட்டை நட்டிருக்கிறது என்று எவன் சொன்னாலும் அவன் மண்டையில் ஏறாது. அப்படி ஒரு வீம்பு!

தெற்கே கெமாஸ் வரை போய், அங்கே ஓர் இரவு கிடந்து, மறுநாள் வடக்கே திரும்பினான். ஜன்னலுக்கு வெளியே காடு, காடு, மறுபடியும் காடு. மருந்துக்கும் ஒரு மனிதமுகம் இல்லை. கட்டைகளை எண்ணிக்கொண்டே போனான். ரயில் கார்டு தெரிந்தவர், எழுபத்தெட்டில் வண்டியை நிறுத்தி இறக்கிவிட்டார்.

தம்பியைப் பற்றிக் கேட்டதும், அங்கிருந்த தண்டவாள வேலைக்காரர்களின் மேஸ்திரி பக்கிரிசாமி தலையைச் சொறிந்தான்.

"வேலாயுதமா? ரயில் வேலைய விட்டு மூணு மாசமாச்சேண்ணே! சடக்கு வேலைக்குப் போயிட்டான். நீங்க திட்டுவீங்கன்னு சொல்லாம இருந்திருப்பான். அவன் இருக்கறது ரவுப் தாண்டி, சடக்குல எழுபத்தெட்டு. லோரியில வந்திருந்தா வாசல்லயே எறக்கி விட்டிருப்பான்."

இராமலிங்கம் தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டான். "பாவி, பாவி" என்று தன் தலையிலேயே அடித்துக்கொண்டான். திரும்பிய பக்கமெல்லாம் காடு. அடுத்த ரயில் மறுநாள்தான்.

அதைப் பிடித்து, சடக்கு வந்து சேரும் லிப்பிஸ் ஸ்டேஷனுக்குப் போய், அதற்கும் மறுநாள் கடைசியில் ஒரு லோரியிலேயே ஏறிச் சடக்கின் எழுபத்தெட்டாங்கட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். சடக்கோரம் அத்தாப்பு ஓலை வேய்ந்த நாலு குடிசைகள். கூலிகளுக்குச் சமைத்துப்போடும் புஷ்பவல்லி, அவன் முகச்சாடையைப் பார்த்ததுமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து சாயந்தரம் அடக்கம் பண்ணிட்டோம்ண்ணே. நேத்து விடியற வரைக்கும் உசுரு இருந்துச்சு. லோரி சத்தம் கேக்கறப்பல்லாம், 'எங்கண்ணன் வந்துட்டாரு, போய்க் கூட்டியா'ன்னு என்னை வெரட்டுவாரு. நானும் ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் சடக்குல நின்னேன். ஒண்ணுகூட நிக்கலண்ணே."