வெறுங்கால் குதிரைகள்

விடிவதற்கு முன்பே எங்கள் முதுகு வளைந்துவிடும். குதிரையின் முன்னங்காலைத் தூக்கி இரண்டு தொடைக்கும் நடுவில் கவ்விக்கொண்டு, குளம்பில் லாடத்தை வைத்து ஆணி இறக்க வேண்டும். சுட்ட லாடம் பட்டுக் கருகிய குளம்பின் நாற்றம் மூக்கில் ஏறினால் குளித்தாலும் போகாது. சாரட்டு வண்டிகளை வாடகைக்கு விடும் அந்த லாயத்தில் நாங்கள் லாடக்காரர்கள் ஆறு பேர். குதிரையின் தலையைப் பிடித்துக்கொண்டு, கழுத்தைத் தட்டிக்கொடுத்து, அதன் காதோடு ஏதாவது பேசிக்கொண்டிருக்கத் தனியாக ஆட்கள் இருந்தார்கள். இருந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். போன மாதம் முதலாளி அவர்களை ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் மச்சானும் அதில் ஒருவன்.

"செவுத்துல வளையம் இருக்குல்ல? கட்டிப்போட்டு அடிங்க. குதிரைக்குத் தாலாட்டு பாட ஒரு ஆளு, அவனுக்கு ஒரு சம்பளமா?" என்றார். அத்தோடு விட்டாரா? எங்கள் நாள் கூலியையும் எடுத்துவிட்டு, குளம்புக்கு இவ்வளவு என்று ஆக்கினார். அன்றிலிருந்து அவனவன் குளம்பு அவனவனுக்கு. பக்கத்தில் நிற்பவனைப் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

அன்று காலை அடுத்த தடுப்பில் நெட்டை வேலை செய்துகொண்டிருந்தான். நானும் அவனும் ஒரே உலையில் தொழில் படித்தவர்கள். அவனிடம் இருந்தது சாம்பல் குதிரை. சரியான பயந்தாங்கொள்ளி, ஈ உட்கார்ந்தாலே துள்ளும்.

"டேய், ஒரு நிமிஷம் வந்து இவ தலையைப் பிடிடா!" என்று கூப்பிட்டான்.

"இருடா, இந்தக் குளம்பை முடிச்சுட்டு வரேன்."

மறுபடியும் கூப்பிட்டான். காது கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். நன்றாகவே கேட்டது. இன்னும் கொஞ்சம்தானே, முடித்துவிட்டால் அடுத்த குதிரைக்குப் போகலாம் என்று நினைத்தேன், பாவி. அடுத்து வந்தது அலறல்.

அடித்த ஆணியின் முனை குளம்பின் பக்கவாட்டில் வெளியே வரும். வந்ததும் முறுக்கி ஒடித்துவிட வேண்டும். ஒடிப்பதற்குள் குதிரை காலை உருவிவிட்டால் அந்த முனை கத்திதான். தொடைக்குக் கட்டும் தோல் நைந்துபோய்விட்டது, புதிது வேண்டும் என்று அவன் எத்தனையோ முறை கேட்டிருந்தான். நைந்த தோலோடு தொடையும் சேர்ந்து கிழிந்திருந்தது. பலகையில் போட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். என் சட்டையெல்லாம் அவன் ரத்தம். வழி முழுக்க அவன் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டித் தொலைத்திருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

"அஜாக்கிரதை. அவன் தப்புக்கு நான் என்ன பண்றது?" என்றார் முதலாளி. நாங்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு வாசல் கேட்டுக்கு வெளியே போய் உட்கார்ந்தோம். குதிரை பிடிக்க மறுபடி ஆள் வைக்கும்வரை ஒரு ஆணியும் இறங்காது என்று சொல்லிவிட்டோம். சேதி கேட்டு மச்சானும் மற்ற ஆட்களும் வந்து சேர்ந்தார்கள்.

வெயில் ஏறியது. உள்ளே சாம்பல் குதிரை தரையை உதைக்கும் சத்தம் மட்டும் நிற்கவே இல்லை. ஒடிக்காத ஆணிகளோடு பாதி லாடம் அதன் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆணி முனையால் தன் மறுகாலையே குத்திக்கொள்கிறது என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முதலாளி கேட் வரைக்கும் வந்தார். குரலில் தேன் வழிந்தது. "உங்க சண்டை என்னோட. அந்த வாயில்லா ஜீவன் என்னப்பா பண்ணுச்சு? கால்ல ரத்தம் வருது. குதிரையை வெச்சு சோறு திங்கிறவங்களுக்கு மனசாட்சி வேணாமா?"

மனசாட்சி என்ற சொல் என்னைத்தான் தேடி வந்து குத்தியது. எழுந்துவிட்டேன்.

"எங்க கிளம்பிட்டே?" என்றான் வாயாடி. எங்கள் ஆறு பேரில் நாக்கு நீளமானவன். "உள்ள போனே, அப்புறம் எங்க மூஞ்சியிலயே முழிக்காதே."

"காலையில ஒருத்தன் கூப்பிட்டப்ப நான் போகல. இப்ப இதுவும் கத்துது. என்னால உட்கார முடியலடா."

"அப்போ லாடம் அடிக்கப் போறியா?"

"அடிக்கப் போறேன்னு யார் சொன்னா? கழட்டப் போறேன்." சொன்ன பிறகுதான் எனக்கே அது முழுசாக விளங்கியது. "ஏன், எல்லாத்துக்குமே கழட்டினா என்ன? மண்ணுல நிக்க குதிரைக்கு இரும்பு எதுக்கு? தார் ரோட்டுல வண்டி இழுக்கத்தானே வேணும்?"

வாயாடி என்னை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு சிரித்துக்கொண்டே, இடுப்பில் செருகியிருந்த ஆணி பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்தான்.

மொத்தப் பேரும் உள்ளே போனோம். குதிரைக்கு இரண்டு ஆள்: ஒருவன் பிடிக்க, ஒருவன் கழற்ற. சாம்பல் குதிரையின் தலையை நான் பிடித்துக்கொண்டேன். நெற்றியைத் தடவிக் காதோடு பேசினேன். அது என் தோளில் மூச்சு விட்டுக்கொண்டு அசையாமல் நின்றது. அவ்வளவுதான் வேலை. இவ்வளவு சின்ன வேலையை அவனுக்குச் செய்யாமல் விட்டேனே.

குளம்பை அரத்தால் ராவி, காயத்தைக் கழுவி, அடுத்ததற்குப் போனோம். லாடங்கள் கணீர் கணீரென்று குவிய, முதலாளியின் முகம் மாறியது.

"டேய், எல்லாத்தையும் ஏன்டா கழட்டுறீங்க?"

"வாயில்லா ஜீவன்னு நீங்கதானே சொன்னீங்க முதலாளி? ஒண்ணுக்கு மட்டும் பாவம் பார்த்தா போதுமா?" என்றான் வாயாடி.

"நாளைக்கு வண்டி ஓடணும்டா!"

"தாராளமா ஓட்டுங்க. குளம்பு தேஞ்சா குதிரை படுத்துக்கும். குதிரையோட விலை உங்களுக்குத் தெரியாததா?"

"வேற ஆளைக் கொண்டு வந்து அடிப்பேன்."

"கொண்டு வாங்க," என்றேன். "பிடிக்கவும் ஒரு ஆளைக் கொண்டு வாங்க. இல்லேன்னா அவனையும் பலகையில தூக்க எங்களைத்தான் கூப்பிடணும்."

அவர் போலீசைக் கூப்பிடுவேன் என்று சத்தம் போட்டுக்கொண்டே அறைக்குள் போனார். நாங்கள் கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்தோம்.

பொழுது சாயும் நேரத்தில் நெட்டையின் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். உயிருக்குப் பயமில்லை, கால் பழையபடி வருமா என்று தெரியாது என்றாள். எல்லார் முன்னாலும் நான் எழுந்து நின்றேன்.

"தங்கச்சி, அவன் என்னைக் கூப்பிட்டாம்மா. ரெண்டு தரம். கேட்டுச்சு. நான் போகல."

அவள் என் முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன்.

"அதை அவர்கிட்ட சொல்லுங்கண்ணா. பொறுத்துக்கிறதோ இல்லையோ, அது அவர் பாடு," என்றாள். செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "இப்போ கொஞ்சம் தள்ளி உட்காருங்க. எனக்கும் இடம் வேணும்."