பின்னமில்லாத அம்மன்

கருங்கல் அம்மன் தமிழ்நாட்டிலிருந்து கப்பலில் வந்து இறங்கிவிட்டாள். சிமெண்டு அம்மன் இன்னும் முழுசாக இருந்தாள். அதுதான் சிக்கல்.

சிரம்பான் பக்கம் சுவா என்ற ஊருக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் சன்னாசி இருபத்திரண்டு வருடமாகப் பூசாரி. கோயிலுக்குப் பின்னால் ஒரு பலகை வீடு. அவருக்கும் மனைவி நீலாவதிக்கும் வேறு கூரை இல்லை.

புதுச் சிலை சிரம்பான் நாச்சியப்பன் செட்டியாரின் உபயம். அதோடு ராசா என்ற ஊரிலிருந்து பூசைக்கு ஒரு ஐயரும் வருவார். அந்த ஐயர்தான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: பின்னப்பட்ட சிலையைத்தான் எடுத்துக் கடலில் விடலாம். முழுசாக இருப்பவளை எடுக்கக் கூடாது.

கோயில் தலைவர் குணாளன் டார்ச் அடித்துத் தலையிலிருந்து பாதம்வரை தேடினான். ஒரு கீறல் இல்லை.

"எப்படி இருக்கும்? வருசா வருசம் நான்தானே பூசி வர்ணம் அடிக்கிறேன்" என்றார் சன்னாசி.

"உங்க கைவேலை நல்லாத்தான் இருக்கு லா. அதான் இப்பத் தொல்லை."

குணாளன் டார்ச்சை அணைத்தான்.

"வெள்ளிக்கிழமை குளிப்பாட்டுறது நீங்கதானே அண்ணே. சொம்பு நழுவாதா?"

"என்ன பேச்சு தம்பி இது?"

"ஒரு விரல் போதும். இல்லன்னா செட்டியாரு சிலையை வேற கோயிலுக்குக் கொடுத்துடுவாரு. அப்புறம் ஜனங்க உங்களைத்தான் பிடிச்சுத் திங்கும். வீடும் போயிடும். உடைச்சுக் கொடுத்தீங்கன்னா ஐயருக்குக் கூடமாட இருந்துக்கிட்டு இங்கயே கெடக்கலாம்."

சன்னாசி நீலாவதியிடம் எதுவும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை திரையை இழுத்துவிட்டுச் சொம்பால் அடித்தார். வர்ணம் மட்டும் உதிர்ந்தது. மறுபடி அடித்தார். சிமெண்டு உடைந்தது; விரல் விழவில்லை. விழக்கூடாது என்று உள்ளே கம்பி வைத்துக் கட்டியவரும் அவரே. கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, இப்படியும் அப்படியும் வளைத்தார். நெடுநேரம் வளைத்தார். சூடேறி அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் குணாளன் விரலைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினான்.

"சொம்பு நழுவிடுச்சு" என்றார் சன்னாசி, பேசி வைத்தபடி.

லோரி ஓட்டும் புனிதன் விரலை எடுத்துப் பார்த்தான். "நழுவுன சொம்பு கம்பியை இப்படி முறுக்குமா? பிளேயரு வச்சிருந்துச்சா அது?"

சிலர் சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

சன்னாசி குணாளனைப் பார்த்தார். "தம்பி, நீதானே..."

"நானா?" குணாளன் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "புது அம்மனைக் கொண்டாந்தவன் நான். பழைய அம்மன் மேல கைவைக்க எனக்கு என்ன வந்துச்சு? பொறாமை லா. ஐயர் வர்றாருன்னு தாங்கல மனுசனுக்கு. இந்தக் கை புது அம்மனைத் தொடலாமா? நீங்களே சொல்லுங்க."

கூடாது என்றார்கள். புனிதன் உரக்கச் சொன்னான். வீட்டை இன்றே காலி செய்ய வேண்டும் என்றும் முடிவாயிற்று.

சன்னாசி மனைவியின் பக்கம் திரும்பினார். நீலாவதி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நான் ஒண்ணும் உடைக்கலயே தம்பி" என்றாள் குணாளனிடம். "புது அம்மனுக்கும் வாசல் கூட்ட ஆள் வேணுமில்ல?"

குணாளன் கொஞ்சம் யோசித்தான். "நீங்க இருங்க அக்கா."

அவள் கோயிலுக்குப் பின்னால் வீட்டுக்குப் போனாள். சன்னாசியும் போனார். அவர் படியேறுவதற்குள், இரண்டு சட்டையும் கைலியும் திணித்த பிளாஸ்டிக் பையோடு அவள் வாசலுக்கு வந்துவிட்டாள்.

"கும்பாபிஷேகத்துக்கு எடுத்த புது வேட்டி இதுல இல்ல" என்றாள். "வர்ற ஐயருக்கு ஆகும்."